சடையன் விரித்த கறுப்புத் துணி

நாவல் குளத்துக்கு மேலே இருந்த சரிவில் ஊசியம்மா என்ற முள்ளம்பன்றியும் அவள் புருஷன் சடையனும் கிழங்குத் தோட்டம் வைத்திருந்தார்கள். மொத்தம் ஏழு பாத்தி. ஏழிலும் வள்ளிக்கிழங்கு. முன்பெல்லாம் ஒரு கொடியைத் தோண்டினால் இரண்டு பேருக்கும் இரண்டு நாள் ஓடும். இந்த வருஷம் ஏழு பாத்தியிலும் இருந்த கொடியையெல்லாம் தோண்டியதில் கிடைத்தது எலிவால் மாதிரி நாலு வேர்.

ஊசியம்மாவின் வயிற்றில் குட்டி வளர்ந்துகொண்டிருந்தது. மழைக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள்தான். அதற்குள் நல்ல மண்ணில் விதைக்கிழங்கை ஊன்றாவிட்டால், குட்டியைப் பெற்ற கையோடு எதிர்மலைக்குக் குடிபோக வேண்டியதுதான். எதிர்மலையில் கிழங்கு உண்டு. சிறுத்தையும் உண்டு. போன வருஷம் அங்கே போன அவள் அக்கா குடும்பத்தைப் பற்றி இன்றுவரை ஒரு சேதியும் இல்லை.

"மண்ணுக்கு வயசாயிடுச்சு ஊசி. நாம என்ன பண்ண முடியும்?" என்றான் சடையன், நாவல் மர நிழலில் படுத்தபடியே.

ஊசியம்மா முதல் பாத்தியின் நடுவில் போய் நின்று நகத்தால் கீறினாள். நாலு விரற்கடை ஆழத்தில் நகம் எதிலோ மாட்டியது. இழுத்தாள். கறுப்பாக ஒரு துணி முனை எட்டிப் பார்த்தது.

அந்தத் துணியின் கதை இதுதான். குளத்துக்கு அந்தப் பக்கம் மனிதர்கள் நாற்றுப் பண்ணை வைத்திருந்தார்கள். ஒருநாள் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். களை முளைக்காமல் இருக்க மண்மேல் விரிப்பார்களே, அந்தக் கறுப்புத் துணி, அங்கே சுருள் சுருளாகக் கிடந்தது. குட்டப்பன் என்ற குரங்கு அதைத் தூக்கிக்கொண்டு காடு முழுக்கச் சுற்றினான். யார் வீட்டில் கிழங்கு இருக்கிறதோ அங்கே ஒரு சுருளை இறக்கினான், மடி நிறையக் கிழங்கை வாங்கிக்கொண்டான். "இதை ஒரு தடவை விரிச்சிட்டா ஆயுசுக்கும் களை எடுக்க வேண்டாம்" என்று அவன் சொன்னதில் 'ஆயுசுக்கும்' என்ற சொல் சடையனுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அன்றே விரித்து, பல்லால் ஓட்டை போட்டு, ஓட்டைக்கு ஒரு கிழங்கு நட்டுவிட்டுப் படுத்தவன்தான்.

முதல் வருஷம் ஒரு களை இல்லை. அப்போது ஊசியம்மாவும் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. பக்கத்துப் புதர் முயல் மல்லியைக் கூப்பிட்டுக் காட்டி, தன் வீட்டுக்காரர் எவ்வளவு கெட்டிக்காரர் என்று அரை நாள் பேசினாள்.

அடுத்த வருஷம் துணிமேல் இலை விழுந்தது. இலை மட்கி மண்ணாயிற்று. காற்று புழுதி கொண்டுவந்தது, பறவைகள் விதை கொண்டுவந்தன. துணிக்கு மேலேயே கோரையும் அருகும் முளைத்து, வேரைத் துணிக்குள் விட்டுப் பின்னிக்கொண்டன. துணிக்குக் கீழே மண் காற்றில்லாமல் கல்லாக இறுகிப்போனது. அங்கிருந்த மண்புழுக்கள் எல்லாம் குளத்தங்கரைக்குக் குடிபோய்விட்டன. யாரும் கவனிக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாததை யார் கவனிக்கிறார்கள்?

"இதை எடுத்துட்டுத்தான் மறுவேலை" என்றாள் ஊசியம்மா.

முதல் நாள் அக்கம்பக்கத்தைக் கூட்டினாள். காட்டுப்பன்றி கட்டையன் மாமா வந்தார். முயல் மல்லி வந்தாள். வந்தவர்கள் முதலில் நிழல் பார்த்து உட்கார்ந்தார்கள். மண்ணை நனைத்துவிட்டு எடுக்கலாம் என்றாள் மல்லி. நனைத்தால் கனக்கும், காயவிட்டு எடுக்கலாம் என்றார் மாமா. அதற்குள் வீட்டிலிருந்த கடைசி நெல்லிக்காய்களும் தீர்ந்துபோயின. ஊசியம்மாவுக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கொஞ்சம் குறைவு. பேசியது போதும், பிடித்து இழுங்கள் என்று விரட்டினாள்.

மாமா துணி முனையைக் கொம்புப் பல்லில் மாட்டிக்கொண்டு ஒரே இழுப்பாக இழுத்தார். கையகலத் துணி கிழிந்து வந்தது. மாமா குட்டிக்கரணம் போட்டு மூன்றாவது பாத்தியில் விழுந்தார். மறுபடி இழுத்தார். மறுபடி கையகலம். மாலைக்குள் முதல் பாத்தி முழுவதும் கந்தலாகிவிட்டது. துணி மட்டும் மண்ணிலேயே இருந்தது. பிரிந்த நார்கள் நீள நீளமாகத் தொங்க, மல்லியின் பின்னங்காலில் ஒன்று சுற்றிக்கொண்டது. அவள் அழுத அழுகையில் அதை அறுத்தெடுக்கவே இருட்டும் நேரமாகிவிட்டது. நாளைக்கு வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனவர்கள், சொன்னார்கள், அவ்வளவுதான்.

கிழிந்த துண்டு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள் ஊசியம்மா. மேலிருந்து வந்த வேர் துணிக்குள் புகுந்து கீழே மண்ணைப் பிடித்திருந்தது. ஒன்றல்ல, ஆயிரம் வேர். நெருக்கமாகத் தையல் போட்டது மாதிரி. தையலைப் பிரிக்காமல் துணியை இழுத்தால் கிழியத்தானே செய்யும்? இதை முதலில் பார்க்காமல் ஊரைக் கூட்டி ஒரு நாளைத் தொலைத்தோமே என்று அவளுக்கு அவள் மேலேயே ஆத்திரம் வந்தது.

மறுநாள் வேறு விதமாகத் தொடங்கினாள். துணிக்கு மேலே இருந்த மண்ணைச் சுரண்டி ஓரமாகக் குவித்தாள். துணி முழுக்கத் தெரிந்தது. ஒரு ஓரத்தை லேசாகத் தூக்கி, அடியில் இருந்த வேர்களை முன்பல்லால் ஒவ்வொன்றாகக் கடித்து அறுத்தாள். அறுத்த அளவுக்குச் சுருட்டினாள். மறுபடி அறுத்தாள், மறுபடி சுருட்டினாள். முள்ளம்பன்றிப் பல்லுக்கு முன்னால் வேர் எம்மாத்திரம்? முதுகுதான் ஒடிந்தது. ஆனால் துணி மேலும் கிழியாமல் வந்தது.

சடையனையும் உதவிக்குக் கூப்பிட்டாள். அவன் அடியில் நுழைந்து முட்டித் தூக்குகிறேன் என்று துணிக்குள் தலையை விட்டான். உள்ளே ஒரு மரவட்டை மூக்கில் ஏற, பயந்துபோய் முள்ளையெல்லாம் சிலிர்த்தான். அத்தனை முள்ளும் துணியில் குத்தி நின்றது. முக்காடு போட்ட கல்யாணப் பெண் மாதிரி துணியோடு வெளியே வந்தவனை விடுவிக்க அரை நாள் ஆனது. "நீங்க உதவி பண்ணாம இருந்தா அதுவே பெரிய உதவி" என்று சொல்லி அவனை நிழலுக்கு அனுப்பினாள்.

அன்று சாயங்காலம் முதல் பாத்தித் துணியைச் சுருட்டி முடித்து, அடியில் மண்ணைத் தோண்டினாள். இரண்டு விரற்கடை ஆழத்தில் மறுபடியும் கறுப்பு.

ஊசியம்மா திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். சடையன் குளத்தைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான். கடைசியில் வேறு வழியில்லாமல் சொன்னான். போன வருஷம் களை வந்தபோது, அவள் அக்காவை வழியனுப்பப் போயிருந்த நேரத்தில், பழைய துணிமேல் கொஞ்சம் மண் தூவிப் புதுசாக ஒன்று விரித்துவிட்டானாம்.

"ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"நீ கத்துவே."

"இப்ப மட்டும் என்ன, தாலாட்டா பாடப்போறேன்?"

அவள் கத்தினாள். குளத்துக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்டது. கத்தி முடித்துவிட்டு இரண்டாவது துணியைப் பிரிக்க உட்கார்ந்தாள்.

ஒரு பாத்திக்கு இரண்டு துணி. ஒரு நாளைக்கு ஒரு பாத்திகூட முடியவில்லை. ஏழாவது நாளில் மேலே நாலு பாத்தி சுத்தமாயிற்று. கல் மாதிரி இறுகியிருந்த மண்ணைக் கொத்திக் கிளறி, இலைமட்கைக் கலந்து, குளத்துத் தண்ணீரைத் தெளித்து வைத்தாள். இரண்டு நாளில் மண்புழு ஒன்று தலையை நீட்டி எட்டிப் பார்த்தது. ஊசியம்மா மூச்சைக்கூட மெதுவாக விட்டாள். அது திரும்பிப் போகாமல் உள்ளே இறங்கியது.

அதற்குள் அவள் கால் வீங்கிவிட்டது. எதிர்மலை உச்சியில் மேகம் கறுத்துவிட்டது. கீழே இருக்கும் மூன்று பாத்தியையும் நீங்கள்தான் பார்க்க வேண்டும் என்று சடையனிடம் சொன்னாள். எப்படிச் சுரண்டுவது, எங்கே கடிப்பது, எந்தப் பக்கமிருந்து சுருட்டுவது என்று ஒவ்வொன்றாகச் செய்து காட்டினாள். சடையன் பெரிய மனுஷன் மாதிரி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான்.

ஐந்தாம் பாத்தியில் ஒரு முழம் சுரண்டியதும் அவனுக்கு இடுப்பு வலித்தது. அந்த நேரம் பார்த்துத்தானா குட்டப்பன் கிளைக்குக் கிளை தாவி வர வேண்டும்? கையில் புதுச் சுருள் ஒன்று. முன்னே கொடுத்தது மட்டரகம், இது வேர் நுழையாத ரகம் என்றான். இருப்பதை எடுத்துவிட்டு விரிப்பவன் மடையன், அப்படியே மேலே போட்டுவிடலாம், கீழே இருப்பது தானாக மட்கிவிடும் என்றான். இரண்டு வருஷமாக மட்காதது இனிமேல் எப்படி மட்கும் என்று சடையன் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. விதைக்கு வைத்திருந்ததில் நாலு கிழங்கைத் தூக்கிக் கொடுத்துவிட்டுச் சுருளை வாங்கிக்கொண்டான்.

மறுநாள் காலையில் அவன் ஊசியம்மாவைக் கூட்டிப்போய்க் காட்டினான். மூன்று பாத்தியும் பழுப்பு மண் மெத்தென்று நிரவி, அழகாக இருந்தது. தன் நாலு பாத்தியைவிட நன்றாக இருந்தது என்றுகூட அவளுக்குத் தோன்றியது. ஒரே நாளில் மூன்று பாத்தியா என்று மனசுக்குள் ஏதோ உறுத்தியது. நகத்தால் ஒரு கீறு கீறிப் பார்த்திருக்கலாம். ஆனால் காலில் வலி, தலைக்கு மேலே மேகம். நம்பிவிட்டால் போய்ப் படுக்கலாம். நம்பினாள். பாதி விதைக்கிழங்கை அவளே அந்த மூன்று பாத்தியிலும் ஊன்றினாள். மீதியை மேலே நட்டாள்.

அன்று மத்தியானமே மழை பிடித்துக்கொண்டது.

மேலே நாலு பாத்தியும் தண்ணீரைக் குடித்தன. எவ்வளவு கொட்டினாலும் குடித்தன. கீழே மூன்று பாத்தியில் தண்ணீர் இறங்க இடமில்லாமல் தேங்கியது. தேங்கித் தேங்கி, எண்ணெய் தடவிய கல்லில் தோசை வழுக்குவது மாதிரி மேல் மண் மொத்தமாக வழுக்கிச் சரிவில் இறங்கியது. பின்னாலேயே விதைக்கிழங்குகள் உருண்டன. பளபளவென்று புத்தம் புதுக் கறுப்புத் துணி மழையில் கழுவி வைத்தது போலத் தெரிந்தது.

ஊசியம்மா வயிற்றைத் தூக்கிக்கொண்டு சரிவில் ஓடினாள். வழுக்கி விழுந்தாள், எழுந்தாள், சேற்றில் மூக்கை விட்டுத் துழாவினாள். சடையனும் பின்னாலேயே ஓடி, அவள் காலில் இடறினான். குளத்தில் விழுந்தவை போயே போய்விட்டன. கரைக் கோரையில் தங்கியவை ஒன்பது. அந்த ஒன்பதையும் வாயில் கவ்விக் கொண்டுவந்து, தன் நாலு பாத்தியில் இண்டு இடுக்கு பார்த்து நெருக்கி ஊன்றினாள். எதிர்மலைக்குப் போக வேண்டாம். அவளுக்கும் குட்டிக்கும் எப்படியும் காணும்.

"அப்ப எனக்கு?" என்றான் சடையன், முள்ளிலிருந்து தண்ணீர் சொட்ட.

"கீழ மூணு பாத்தி உங்களோடது. அடியில மண்ணு தெரியற அன்னைக்கு வாங்க, நட ஒரு கொடித்துண்டு தரேன்."

"மழை கொட்டுது ஊசி."

"தெரியுது. நானும் அதுலதான் நிக்கிறேன்."

சடையன் குட்டப்பனைத் தேடிப்போனான். குட்டப்பன் ஆலமரப் பொந்தில் நனையாமல் உட்கார்ந்து, வாங்கிப்போன நாலு கிழங்கில் கடைசியைத் தின்றுகொண்டிருந்தான். வந்து ஒரு கை கொடுக்கச் சொல்லிச் சடையன் கெஞ்சினான். "துணி கொடுக்கறதுதான் அண்ணே என் வேலை. எடுக்கறது எல்லாம் நான் பண்றதில்லை" என்று சொல்லிவிட்டு அவன் தோலைத் துப்பினான்.

திரும்பி வந்து ஐந்தாம் பாத்தியில் குனிந்தான் சடையன். புதுத் துணியைச் சுருட்டுவது சுலபமாக இருந்தது. அதற்குக் கீழே நேற்று அவனே போட்டு மிதித்த மண், அதற்குக் கீழே போன வருஷத்துத் துணி, ஆயிரம் வேரோடு. கடித்தான், அறுத்தான், சுருட்டினான். மூன்றாம் நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தபோது, மேல் பாத்தியில் ஊசியம்மா வரப்போகிற கொடிக்கு இப்போதே குச்சி நட்டுக்கொண்டிருந்தாள்.

"ஊசி, இன்னும் கீழ எத்தனை அடுக்கு இருக்கும்?" என்று ஈனக் குரலில் கேட்டான்.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"போட்டது நீங்கதானே? எண்ணிக்கையும் உங்களுக்குத்தான் தெரியும்."

செய்த தப்பை எடுத்து எறியாமல் அதன்மேல் இன்னொன்றைப் போட்டு மூடுகிறவன், பின்னால் இரண்டையும் சேர்த்துத் தன் கையாலேயே தோண்டி எடுக்க வேண்டியிருக்கும்.