முகம் என்று சொன்ன பிறகு

வகுப்பு முடிந்து எல்லோரும் குனிந்து வணங்கிக் கலைந்துவிட்டார்கள். குணசிங் மட்டும் போகவில்லை. சைக்கிள் ஷெட்டின் தூணைச் சுற்றி நடந்தார். செருப்பைப் போட்டார். திரும்பக் கழற்றினார்.

தூத்துக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்துச் சைக்கிள் ஷெட்டில்தான் எசக்கியம்மாள் கராத்தே சொல்லிக்கொடுத்தாள். அவளுக்கு முப்பது தாண்டியிருக்கும். குணசிங் ஐம்பதை எட்டிப் பிடிக்கிறவர். பஜாரில் பேட்டரிக் கடை வைத்திருந்தார். அவர் அவளை மாஸ்டர் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

"என்ன அண்ணாச்சி, இன்னைக்குக் கடை லீவா?"

"மாஸ்டர், இந்தத் தடவையாவது என் பேரைக் குடுப்பீயளா?"

கிரேடிங்குக்குப் பேர் கொடுப்பதைத்தான் கேட்டார். ஒவ்வொரு பெல்ட்டுக்கும் ஒரு தேர்வு உண்டு. சொல்லிக்கொடுத்தவரே தேர்வு நடத்தினால் சரிவராது என்று வெளியூரிலிருந்து ஒரு பெரிய மாஸ்டர் வருவார். அவர் முன்னால் யாரை நிறுத்துவது என்பது மட்டும்தான் எசக்கியம்மாள் கையில் இருந்தது.

குணசிங் கறுப்புக்கு முந்தைய பிரவுன் பெல்ட்டிலேயே நின்று வருஷங்கள் ஆகிவிட்டன. அவருக்குப் பின்னால் வெள்ளை பெல்ட்டோடு வந்து சேர்ந்தவர்கள் கறுப்பு கட்டிக்கொண்டு வரிசையில் அவருக்கு வலப்பக்கம் போய்விட்டார்கள். வரிசை பெல்ட்டைப் பார்த்துத்தான், வயதைப் பார்த்து அல்ல. சாக்லேட் அண்ணாச்சி என்று அவருக்கு ஒரு பெயரும் விழுந்திருந்தது.

"அவசரமா, அண்ணாச்சி?"

"அவசரம்னு இல்ல. ஆனா இந்தத் தடவை வேணும்."

முழங்காலைப் பற்றி அவர் சொல்லவில்லை. மூட்டு தேய்ந்துவிட்டது, தை மாசம் ஆபரேஷன் செய்துவிடலாம், அதற்கப்புறம் கராத்தேயை மறந்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது அவருடைய மனைவிக்கு மட்டும்தான் தெரியும். "கறுப்பைக் கட்டிக்கிட்டு யார அடிக்கப் போறீய?" என்று அவள் கேட்டாள். அன்று ராத்திரி அவருக்குத் தூக்கம் வரவில்லை.

எசக்கியம்மாள் பையைக் கீழே வைத்தாள்.

"எதிர்ல நில்லுங்க."

ஜோடி போட்டு நிற்கும் தேர்வில் ஒரு வழக்கம் உண்டு. அடிக்கிறவர் எங்கே அடிக்கப் போகிறார் என்பதை வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். சொன்ன பிறகு எப்போது அடிப்பது என்பது அவர் இஷ்டம். அடி வரும்போது எதிரே நிற்பவர் தடுக்க வேண்டும்.

"முகம்," என்றாள் எசக்கியம்மாள்.

குணசிங்கின் கை மேலே போயிற்று.

அவள் அசையவே இல்லை. முஷ்டி இடுப்பிலேயே இருந்தது.

"வயிறு."

கை கீழே வந்தது. அவள் அப்போதும் அடிக்கவில்லை. பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"பேர் குடுக்கேன்."

"நிசமாவா, மாஸ்டர்?"

"கேட்டீங்கல்லா."

கேட்டது கிடைத்துவிட்டது. அதற்கப்புறம்தான் அவருக்கு நிலைகொள்ளாமல் போயிற்று. ஏன் சம்மதித்தாள்? கை சரியாகப் போனதாலா? தோற்றுவிட்டு வரட்டும் என்றா? கடையில் கல்லாப் பக்கம் நின்றபடியே கையை மேலே தூக்கினார், கீழே வெட்டினார். பேட்டரியை மாற்ற வந்தவர் இரண்டடி தள்ளி நின்றுதான் விலை கேட்டார். ஒரு நாள் காலை மனைவி காப்பி டம்ளரை நீட்டினாள். இவர் கை தானாக மேலே போயிற்று. காப்பி அவள் சேலையெல்லாம்.

"உங்க மாஸ்டர்ட்ட சொல்லுங்க, நான் பாஸ் போட்டுட்டேன்னு," என்றாள் அவள்.

ஐப்பசி அடைமழையில் கிரேடிங் வந்தது. நாகர்கோவிலிலிருந்து பெரிய மாஸ்டர் வந்து ஷெட்டில் மேசை போட்டு உட்கார்ந்தார். எசக்கியம்மாள் ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்தாள். தன் மாணவர்கள் தேர்வில் நிற்கும்போது சொல்லிக்கொடுத்தவர் வாய் திறக்கக் கூடாது. கண்ணால்கூட ஜாடை காட்டக் கூடாது.

தனியாகச் செய்து காட்ட வேண்டிய அசைவுகளை குணசிங் பிசகில்லாமல் செய்தார். முழங்கால் உள்ளுக்குள் குத்தியது. முகத்தில் காட்டவில்லை. நாகர்கோவில் மாஸ்டர் தலையை ஆட்டினார்.

அடுத்தது ஜோடி. எதிரே வளன் வந்து நின்றான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். சாக்லேட் அண்ணாச்சி என்ற பெயரை வைத்ததே அவன்தான்.

"முகம்," என்றான் வளன்.

குணசிங்கின் கை உடனே மேலே போயிற்று. வளன் இன்னும் அடிக்கவில்லை. அடிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் பெரிய மாஸ்டரைப் பார்த்தான். வரிசையில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

"திரும்ப," என்றார் நாகர்கோவில் மாஸ்டர்.

"வயிறு."

திரும்பவும் அதேதான்.

"வே," என்றார் அவர், கோபம் இல்லாமல். "யாரைத் தடுக்கீரு?"

குணசிங்குக்குக் காது சுட்டது. நாகர்கோவில் மாஸ்டர் ஓரத்து நாற்காலியைப் பார்த்தார்.

"எசக்கி, நீ நில்லு."

அவள் எழுந்து வந்தாள். வளன் விலகிக்கொண்டான். இருவரும் வணங்கினார்கள்.

"முகம்."

அவர் கை பாதி எழும்பிவிட்டது. பல்லைக் கடித்துக் கீழே இறக்கினார். அவள் அடிக்கவில்லை. இப்போது அடிப்பாள் என்று நினைத்தார். அடிக்கவில்லை. சரி, இப்போது. கையை இடுப்போடு அழுத்திக்கொண்டார். தை மாசம் ஞாபகம் வந்தது. டாக்டர், மனைவி, வலப்பக்கத்து வரிசை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக முண்டியடித்து வந்தன. அவள் அப்போதும் அடிக்கவில்லை.

நினைப்பதற்கு இருந்ததெல்லாம் தீர்ந்துபோயிற்று.

அவள் புருவத்தில் ஒரு சின்னத் தழும்பு இருந்தது. இத்தனை வருஷம் எதிரே நின்றும் அவர் அதைப் பார்த்ததில்லை. தகரக் கூரையிலிருந்து தண்ணீர் கயிறு கயிறாக இறங்கியது. ஈரமான ஒரு முடிக்கற்றை அவள் கன்னத்தில் ஒட்டியிருந்தது.

அப்போது அடி வந்தது. இடுப்பிலிருந்து முஷ்டி கிளம்புவதைப் பார்த்தார். பாதி வழியில் அது உள்ளங்கை கீழாகப் புரள்வதைப் பார்த்தார். அவருடைய மூக்கு நுனிக்கு முன்னால், படாமல், அது வந்து நின்றது.

அவர் கை எழவே இல்லை. கண்கூட இமைக்கவில்லை.

நாகர்கோவில் மாஸ்டர் தாளில் எதையோ குறித்துக்கொண்டார். பிறகு அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டார்.

சாயங்காலம் தேறியவர்களின் பெயர்களை வாசித்தார்கள். புது பெல்ட் வாங்கியவர்கள் மரியாதைக்காகத் திரும்பி நின்று பழையதை அவிழ்த்துப் புதியதைக் கட்டிக்கொண்டார்கள். குணசிங்கின் பெயர் வரவில்லை. கூட்டம் கலைந்ததும் வளன் பக்கத்தில் வந்தான். "டீ குடிப்போமா, அண்ணாச்சி?" என்று கேட்டான்.

"நீ போப்பா. வாறேன்."

எசக்கியம்மாள் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தாள். அவரும் ஒன்றை மடக்கினார்.

"நான் தடுக்கவே இல்லியே, மாஸ்டர்."

"இல்ல."

"வேணும்னு நிக்கல. பாத்துக்கிட்டே நின்னுட்டேன்."

"தெரியும். நான் அடிச்சதுல நீங்க பாத்த மொத அடி அது."

"அவரு என்ன சொன்னாரு?"

"அடுத்த தடவையும் கூட்டிட்டு வரச் சொன்னாரு."

குணசிங் நாற்காலியை விரித்தார். திரும்ப மடக்கினார்.

"அடுத்த தடவை நான் இருக்க மாட்டேன், மாஸ்டர். முழங்கால் போச்சு. தை மாசம் ஆபரேஷன். அதோட சரி. டாக்டர் விடமாட்டாரு. விட்டாலும் காலை மடக்க முடியாது. காலை மடக்க முடியாதவன் வரிசையில எங்க நிக்க? பயலுவ எல்லாம் வலப்பக்கம் போயிருப்பானுவ. நான் கடையில உக்காந்து..."

மழை சற்று ஓய்ந்திருந்தது. எசக்கியம்மாள் கடைசி நாற்காலியைச் சுவரில் சாய்த்தாள்.

"இது ஐப்பசி, அண்ணாச்சி. நாளைக்குக் காலையில கிளாஸ் இருக்கு."