சுர்ரக்கா பிறந்த இடம்

ஓட்டைப்பாறைக்காரர்கள் எதையும் வேர் வரைக்கும் பார்க்காமல் விடமாட்டார்கள். புது ரகக் கத்தரி நட்டார்கள். வேர் பிடித்ததா என்று தினம் ஒருதரம் பிடுங்கிப் பார்த்தார்கள். வேர் இருந்தது. காய்தான் இல்லை. ஊர் அப்படி.

அந்த ஊர்ப் பொன்னுரங்கத்துக்கு ஒரே பெண், செவ்வந்தி. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்த குணாளன் பஜ்ஜி தின்றான், செருப்பை மாட்டினான், "பொண்ணு சுர்ரக்கா!" என்றான், சிரித்துக்கொண்டே போய்விட்டான். வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் பதில் கேட்டு வருவார்களாம்.

பொன்னுரங்கத்துக்கு அந்த வார்த்தை புரியவில்லை. கூட்டாளிகள் சடையாண்டியையும் காத்தவராயனையும் கூப்பிட்டார்.

"நல்ல வார்த்தைன்னா தாம்பூலம் மாத்தணும். கெட்ட வார்த்தைன்னா கதவைச் சாத்தணும். எது?"

"அப்பா, எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு. சரின்னு சொல்லிடுங்களேன்" என்றாள் செவ்வந்தி.

"பிடிக்கிறது வேற, அர்த்தம் வேற. நீ உள்ள போ."

"மொதல்ல சொன்னவன் யாரோ அவனைப் பிடி. அவனுக்குத்தான் அர்த்தம் தெரியும்" என்றான் சடையாண்டி. மூவரும் கிளம்பினார்கள்.

குணாளனைக் கேட்டார்கள். டீக்கடையில் கேட்டதாகச் சொன்னான். டீக்கடைக்காரர் பஸ் கண்டக்டரைக் கை காட்டினார்.

கண்டக்டர் சிரித்தார். "பிரமாதம்னு அர்த்தங்க. எல்லாப் பசங்களும் சொல்றாங்களே."

"அர்த்தத்தை உங்ககிட்ட யார் கேட்டா?" என்றான் காத்தவராயன் கடுப்பாக. "மொதல்ல சொன்ன ஆள் யாரு? அதைச் சொல்லுங்க."

"உங்க ஊர்க்காரர்தான். சித்திரை மாசம். ஜன்னலோர சீட்டு வெயில்ல கொதிச்சுக் கெடந்துச்சு. உக்காந்தாரு. உடனே எந்திரிச்சாரு. எந்திரிக்கும்போது சொன்னாரு. காதுல சிவப்புக் கடுக்கன், கையில மூடியில்லாத தூக்குவாளி."

பொன்னுரங்கம் தன் காதைத் தடவினார். தன் கையைப் பார்த்தார். மூடியில்லாத தூக்குவாளி.

"அட, நீதானாய்யா!" என்றான் சடையாண்டி. "சரி, அர்த்தம் சொல்லு."

"மறந்துபோச்சே!"

அந்தச் சீட்டில் மறுபடி உட்கார வைத்தார்கள். ஐப்பசி மழை. சீட்டு ஜில்லென்று இருந்தது. பொன்னுரங்கம் தூங்கிவிட்டார்.

"சூடு பத்தல" என்றான் காத்தவராயன்.

வியாழக்கிழமை தோசைக்கல்லைக் காய்ச்சினார்கள்.

"வேட்டியோடவா, கோவணத்தோடவா?" என்று கேட்டான் சடையாண்டி.

"பஸ்ஸுல வேட்டி கட்டியிருந்தேன்."

"அப்ப வேட்டியோடதான். எதையும் மாத்தக்கூடாது. தூக்குவாளியைப் பிடி."

பிடித்தார். உட்கார்ந்தார். "ஆத்தாடியோவ்!" என்றார்.

இருவரும் யோசித்தார்கள்.

"இது அந்த வார்த்தை இல்ல."

"இல்லவே இல்ல. மறுபடி உக்காரு."

மறுபடி உட்கார்ந்தார். "அய்யய்யோ!" என்றார். அதுவும் இல்லை. செவ்வந்தி ஓடிவந்து அடுப்பில் தண்ணீரை ஊற்றியதால் அன்றைய ஆராய்ச்சி அத்தோடு நின்றது.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள். பொன்னுரங்கம் நின்றுகொண்டே வரவேற்றார். நின்றுகொண்டே காப்பி குடித்தார்.

"உக்காருங்க சம்பந்தி" என்றார் குணாளனின் அப்பா.

"இருக்கட்டும்."

"அட, நம்ம வீடு மாதிரி நினைச்சுக்கங்க!" என்று தோளைப் பிடித்து அழுத்தினார், அது பொன்னுரங்கத்தின் வீடுதான் என்பதை மறந்து.

பொன்னுரங்கம் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"சுர்ரக்கா!"

வீடே அதிர்ந்தது. குணாளன் முகம் மலர்ந்துவிட்டது. "அப்பா, மாமா என்னையே சுர்ரக்கான்னுட்டாரு!" என்றான். அவன் அப்பா எழுந்து பொன்னுரங்கத்தைக் கட்டிக்கொண்டார். தாம்பூலத் தட்டு கை மாறியது. கதவுக்குப் பின்னால் செவ்வந்தி மூச்சு விட்டாள்.

சடையாண்டி பொன்னுரங்கத்தின் காதைக் கடித்தான். "வார்த்தை வந்துடுச்சு. அர்த்தம்?"

"தெரிஞ்சுபோச்சுடா" என்றார் பொன்னுரங்கம் கண்ணீரோடு. "என் பொண்ணைப் பாக்க வந்த அன்னிக்கு மாப்பிள்ளைக்கும் இப்படித்தான் எரிஞ்சிருக்கு. பாவம், சிரிச்சுக்கிட்டே போயிருக்காரு. எப்பேர்ப்பட்ட பொறுமை!"

தை மாதம் கல்யாணம். சீர்வரிசை இருபத்தோரு தட்டு. முதல் தட்டில் பழமும் இல்லை, பட்டும் இல்லை. தீப்புண்ணுக்குப் போட ஒரு கிண்ணம் சுண்ணாம்புத் தெளிவு, ஒரு கிண்ணம் தேங்காயெண்ணெய், ஒரு கோழி இறகு.

முகூர்த்த நேரம். மேளம் உச்சத்தில். தட்டோடு மணமேடை ஏறிய காத்தவராயன், இறகை எண்ணெயில் தோய்த்துக்கொண்டு, மரியாதையாகக் குனிந்து சொன்னான்:

"மாப்பிள்ளை, கொஞ்சம் எந்திரிச்சுத் திரும்புங்க."