பத்து மணிக் குரல்

"வீட்டிலேயே இருக்கிறது ஒரு குற்றமா அம்மா?"

குழைக்காதன் கேட்டார்.

ஆற்றங்கரை மடத்துப் படியில் உட்கார்ந்து வடிவம்மை அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு வயது முப்பத்தெட்டு. கேட்டவருக்கு ஐம்பத்தொன்று. ஸ்ரீவைகுண்டத்தில் யாரும் அந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை. மனசுக்குள் ஏதாவது கிடந்து உறுத்தினால் மடத்துக்குப் போவார்கள். வடிவம்மை சில சமயம் பதில் சொல்வார். பல சமயம் சொல்லமாட்டார்.

"குற்றம்னு யாரு சொன்னது?"

"என் தங்கச்சி. அவ மகளுக்கு நிச்சயதார்த்தம். மதுரைக்கு வான்னா. வரலேன்னேன். நீ மனுஷனே இல்லண்ணேன்னு சொல்லிட்டுப் போனை வச்சுட்டா."

வடிவம்மை ஒரு கல்லை எடுத்து வெளியே வீசினார்.

"ஏன் போகல?"

குழைக்காதன் யோசித்துச் சொன்னார். "நாலு பேர் இருக்கிற இடத்துல எனக்கு என்ன பேசணும்னு தெரியாது. எப்பக் கிளம்பலாம்னு பாத்துக்கிட்டே இருப்பேன். சாப்பிட்டீங்களான்னு கேப்பாங்க. சாப்பிட்டேன்பேன். அதுக்கு மேல ஒண்ணும் வராது. வீட்டுல இருந்தா அந்தத் தொல்லை இல்ல. வேலை இருக்கு. சமையல் இருக்கு. சாயங்காலம் ரேடியோ இருக்கு. பொழுது போறதே தெரியல."

"ம்."

"ஊர் ஊரா சுத்தறவங்க என்னத்தைக் கண்டாங்க? திரும்பி வந்து போட்டோ காட்டறாங்க. அதுல அவங்க மூஞ்சிதான் இருக்கு."

வடிவம்மை சிரித்தார்.

அந்தச் சிரிப்பில் குழைக்காதனுக்குத் தைரியம் வந்தது. "நீங்களும்தான் இந்த மடத்தை விட்டு எங்கேயும் போறதில்ல."

"ஆமா. போறதில்ல."

அவ்வளவுதான் சொன்னார்.

குழைக்காதன் அதை ஒரு சான்றிதழ்போல வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அவருடைய தொழில் பத்திரிகை அடிப்பது. செய்தித்தாள் இல்லை. கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, புதுமனை புகுவிழா, கண்ணீர் அஞ்சலி. வீட்டில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து எழுத்துகளைக் கோத்து, ஓரத்தில் பூவேலை போட்டு, மண்டபத்துக்கு வழி காட்டும் சின்னப் படமும் வரைந்து பாளையங்கோட்டைக்கு அனுப்பிவைப்பார். அங்கே ஆசீர்வாதம் என்பவரின் அச்சகத்தில் அது அச்சாகும்.

ஊர் உலகத்தையெல்லாம் வருக வருக என்று அழைத்தவர் அவர்தான். ஒரு மண்டபத்துக்குள்ளும் கால் வைத்ததில்லை.

ஆசீர்வாதத்தை அவர் பார்த்ததில்லை.

வேறொருவர் மூலமாக வந்த வேலை அது. பதினேழு வருஷம் ஆயிற்று. ஞாயிறு தவிர எல்லா நாளும் காலை பத்து மணிக்கு ஆசீர்வாதம் போன் செய்வார்.

"தம்பி, சாப்பிட்டாச்சா?"

"ஆச்சு அண்ணாச்சி."

எழுத்து பெரிசா சிறிசா, காகிதம் மஞ்சளா ரோஸா என்று மூன்று நிமிஷம் வேலைப் பேச்சு. அப்புறம் இருபது நிமிஷம் வேறு பேச்சு. அவருடைய மூட்டுவலி. முந்தின நாள் கிரிக்கெட். பேத்தி பள்ளிக்கூடத்தில் சொன்ன பொய். குழைக்காதன் ரசம் வைக்கும் முறை. மாப்பிள்ளையின் பெயரைத் தப்பாக எழுதிக் கொடுத்துவிட்டு அச்சகத்தில் வந்து சண்டை போட்ட பெண் வீட்டார். இருவரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

நாலு பேர் நடுவில் வராத பேச்சு அந்த ஒருவரிடம் வந்தது.

பாளையங்கோட்டை தூரமில்லை. பஸ்ஸில் நாற்பது நிமிஷம்.

*

ஐப்பசி மாதம் ஒரு வியாழக்கிழமை. பத்து மணிக்குப் போன் வரவில்லை.

பத்தரைக்கு ஒரு செய்தி வந்தது. ஆசீர்வாதத்தின் மகள் பியூலா அனுப்பியிருந்தாள்.

"அங்கிள், அப்பா விடியற்காலைல தவறிட்டாங்க. ஹார்ட் அட்டாக். இன்னிக்கே அடக்கம். அறிவிப்பு நீங்கதான் போடணும்னு அம்மா சொல்றாங்க. வேற யாரும் வேண்டாமாம்."

கீழே ஒரு போட்டோ.

குழைக்காதன் அதைப் பார்த்தார்.

கனத்த உடம்பும் பெரிய மீசையுமாக ஒருவரை அவர் நினைத்து வைத்திருந்தார். போட்டோவில் இருந்தவர் ஒல்லி. மீசை இல்லை. காதுகள் பெரிசு. கண்ணாடி ஒரு பக்கம் இறங்கியிருந்தது. எதையோ சொல்லப்போகிறவர்போல வாய் லேசாகத் திறந்திருந்தது.

அவர் வேலையைத் தொடங்கினார்.

படத்தை நடுவில் வைத்தார். ஓரத்தில் கறுப்புக் கோடு. 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று அடித்தார். வயது அறுபத்தெட்டு என்று அடித்தார். 'மாலை நான்கு மணியளவில்' என்று அடித்தார். வீட்டு முகவரியை அடித்தார். ஒரு எழுத்துக்கூடப் பிழை இல்லாமல் இரண்டு தடவை சரிபார்த்து அனுப்பினார்.

எழுந்து முகம் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார்.

பிறகு மடத்துக்கு நடந்தார். ஞாயிறு விடியலில் மட்டுமே, ஆள் நடமாட்டம் இல்லாதபோதுதான் அங்கே போவார். அன்று உச்சி வெயிலில் போனார். வழியில் இரண்டு பேர் அவரை நின்று பார்த்தார்கள்.

வடிவம்மை முற்றத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

குழைக்காதன் படியின் கீழே செருப்பைக் கழற்றிவிட்டு மேலே ஏறி உட்கார்ந்தார். நடந்ததைச் சொன்னார். கடைசியில், "அவர் முகத்தை இன்னிக்குத்தான் பாத்தேன் அம்மா. கறுப்புக் கட்டத்துக்குள்ள" என்றார்.

"அடக்கம் எப்போ?"

"நாலு மணிக்கு."

"பஸ் எப்போ?"

"தெரியாது. அங்க எனக்கு ஒருத்தரையும் தெரியாது அம்மா. நான் யாருன்னு போய் நிப்பேன்? ஒரு மாலையை வாங்கிட்டு எந்த மூலைல நிக்கறது? இனி போய் என்ன ஆகப்போகுது? அவரா பாக்கப்போறாரு?"

வடிவம்மை துடைப்பத்தைச் சுவரில் சாத்தினார். உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் குடித்து முடிக்கும்வரை நின்றார்.

பிறகு படியிறங்கினார். குனிந்து, மடத்தைப் பார்க்கக் கிடந்த அவருடைய செருப்புகளைக் கையால் எடுத்தார்.

"அம்மா, ஐயோ, நீங்க போய்..." குழைக்காதன் பதறி எழுந்தார்.

வடிவம்மை அவற்றைச் சாலையைப் பார்க்கத் திருப்பி வைத்தார். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு முற்றத்தின் மறு பக்கம் போய்விட்டார்.

*

பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. யாரோ ஒருவருடைய பை அவர் முதுகில் இடித்துக்கொண்டே வந்தது. இரண்டு நிறுத்தங்களில் இறங்கிவிடலாம் என்று நினைத்தார். இறங்கவில்லை.

முகவரி அவர் அடித்ததுதான். யாரையும் கேட்காமலே போய்ச் சேர்ந்தார்.

தெருவை அடைத்துப் பந்தல். வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒரு மூலையில் பாட்டுக்காரர்கள் ஞானப்பாட்டு பாடிக்கொண்டிருந்தார்கள். குழைக்காதன் மாலையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பந்தல் கம்பின் ஓரமாக நின்றார்.

கறுப்புச் சுடிதார் அணிந்த ஒரு பெண் வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"உள்ள வாங்க. நீங்க யாருன்னு..."

"நான்... ஸ்ரீவைகுண்டம்."

அவள் அப்படியே நின்றாள். பிறகு வீட்டுக்குள் திரும்பி, "அம்மா! அங்கிள் வந்திருக்காங்க!" என்று கத்தினாள். பாட்டு ஒரு கணம் தடுமாறியது.

"முகம் தெரியல அங்கிள். குரல் தெரிஞ்சுது" என்றாள் பியூலா. "தினமும் ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசுவாங்க. நாங்க எல்லாருமே கேட்டுக்கிட்டுதான் இருப்போம்."

ஆசீர்வாதத்தின் மனைவி ரோஸ்லின் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்து குழைக்காதனின் கையைப் பிடித்து, தன் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தார். அந்த நாற்காலியில் இருந்த ஒரு சொந்தக்காரர் பேசாமல் எழுந்து இடம் விட்டார்.

குழைக்காதன் பெட்டிக்குள் பார்த்தார். கண்ணாடி இல்லாத முகம். காதுகள் பெரிசாகத்தான் இருந்தன.

"ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் உங்களைக் கூப்பிடணும்பாங்க" என்றார் ரோஸ்லின். "அப்புறம் அவங்களே, வேண்டாம், தம்பி சங்கடப்படுவான்னு விட்டுடுவாங்க."

குழைக்காதன் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒரு தடவை உங்க வீடு வரைக்கும் வந்தாங்களே. உங்களுக்குத் தெரியாது."

"எப்போ?"

"ஆறு வருஷம் இருக்கும். உங்க ஊர்ல ஒரு கல்யாணம். வந்த கையோட உங்களையும் பாத்துட்டுப் போகவான்னு உங்ககிட்ட முன்னாடியே கேட்டாங்க. நீங்க அன்னிக்கு ஊர்ல இருக்க மாட்டேன், மதுரைக்குப் போறேன்னு சொன்னீங்களாம். சரி, வீட்டையாவது பாத்துட்டுப் போவோம்னு தெருவுக்குள்ள வந்திருக்காங்க. பார்சல் அனுப்பற விலாசம்தான் இருக்கே." ரோஸ்லின் கைக்குட்டையால் பெட்டியின் விளிம்பைத் துடைத்தார். "வாசல்ல செருப்பு கிடந்துச்சாம். உள்ள ரேடியோ பாடுச்சாம். கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்துட்டேன்னு சொன்னாங்க."

"கோவப்பட்டாங்களா?"

"கோவமா? அவங்களா?" ரோஸ்லின் அவரை ஏறிட்டுப் பார்த்தார். "சொல்லிட்டுச் சிரிச்சாங்க. அன்னிக்குச் சாப்பிடல, அவ்வளவுதான்."

அதற்குள் போதகர் ஜெபிக்கத் தொடங்கிவிட்டார்.

கல்லறைத் தோட்டத்துக்கு எல்லோரோடும் நடந்தார். யாரோ தோளில் கைபோட்டுக் குழியின் ஓரத்துக்கு அழைத்துப் போனார்கள். ஒரு பிடி மண்ணை எடுத்தார். முன்னால் நின்றவர்கள் போட்டுவிட்டு நகர்ந்தார்கள். இவருக்குக் கை விரியவில்லை. பின்னால் வரிசை நின்றது. ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.

மண் விழுந்த சத்தம் அவருக்குக் கேட்டது.

*

மறுநாள் காலை வடிவம்மை ஆற்றில் துணி அலசிக்கொண்டிருந்தார். குழைக்காதன் மணலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். சொல்லும்போது நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பொய் சொன்னேன் அம்மா. மதுரைக்கு நான் போனதே இல்ல. அன்னிக்குப் பூரா உள்ளதான் இருந்தேன். அவர் வாசல்ல நின்னப்ப நான் ரேடியோ கேட்டுக்கிட்டு இருந்திருக்கேன்."

வடிவம்மை துணியைப் பிழிந்தார்.

"கதவைத் தட்டியிருக்கலாம். திட்டியிருக்கலாம். ஏன்டா பொய் சொன்னேன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னிக்கே கால்ல விழுந்திருப்பேன். ஆறு வருஷம் தெரிஞ்சுக்கிட்டே தெரியாத மாதிரிப் பேசியிருக்காரு. வந்தேன்னு ஒரு வார்த்தை சொல்லலையே. அதைத்தான் என்னால தாங்க முடியல."

ஆறு சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

"மறுநாள் போன் பண்ணினாரா?" என்று கேட்டார் வடிவம்மை.

"பண்ணினாரு. பத்து மணிக்கு. பயந்துக்கிட்டேதான் எடுத்தேன். மதுரை எப்படி இருந்துச்சுன்னு கேட்டா என்ன சொல்லணும்னு ராத்திரியே யோசிச்சு வச்சிருந்தேன்."

"கேட்டாரா?"

"கேக்கல. மதுரைப் பேச்சையே எடுக்கல. அப்பாடான்னு இருந்துச்சு. அதனாலதான் அன்னிக்குப் பேசினது நல்லா ஞாபகம் இருக்கு."

"என்ன பேசினாரு?"

"சமையல்தான். முருங்கைப் பூவை எப்படிப் பொரியல் பண்ணுவீங்க தம்பின்னு கேட்டாரு. இப்படிப் பூத்துக் கொட்டுதே, சும்மா உதிர விட்டுடாதீங்கன்னு..."

குழைக்காதன் நிறுத்தினார்.

வடிவம்மை பிழிந்த துணியைக் கையில் வைத்தபடி அவரைப் பார்த்தார்.

"அது என் வாசல் சுவரை ஒட்டி நிக்குது" என்றார் குழைக்காதன். "முருங்கை இருக்குன்னு அவர்கிட்ட நான் சொன்னதே இல்ல அம்மா."

வடிவம்மை துணியைக் கல்லின்மேல் வைத்தார்.

"நீங்க என்ன பதில் சொன்னீங்க?" என்று கேட்டார் வடிவம்மை.

"பூவுக்குள்ள பூச்சி இருக்கும், உப்புத் தண்ணில நல்லா அலசிட்டுப் போடணும்னு சொன்னேன்."