பந்தியில் கடிபட்ட கல்

சட்டைநாதருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. வராதா பின்னே? மூன்று நாளாகப் பந்தியில் அவர் பல்லில்தான் கல் கடிபடுகிறது. சோற்றைப் பாதியில் விட்டு எழுந்தவர், மடத்துச் சமையல்காரி பொன்னுருவியைக் குருவின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.

மடத்தில் மூத்த சீடர் அவர்தான். குருவைவிட வயதிலும் நாலு கூடுதல். ஆனாலும் குருவின் முன் கைகட்டித்தான் நிற்பார்.

"இவளை இன்னைக்கே அனுப்பிடணும் சாமி. கொழுப்பு! அரிசியில கிடக்கிற கல்லு கூடவா கண்ணுக்குத் தெரியல?"

"தெரியலைங்க சாமி," என்றாள் பொன்னுருவி. "ரெண்டு கண்ணுலயும் புகை மூட்டமா இருக்கு. புரைன்னாங்க, ஆபரேசன் பண்ணினா சரியாயிடுமாம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக லீவு கேட்டேன், இவருதான் விடல. இந்த வேலையும் போச்சுன்னா நான் எங்க போவேன்?"

"சாக்கு! ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

குரு பலகையிலிருந்து சிவப்பு அட்டை போட்ட புத்தகம் ஒன்றை எடுத்து, நடுவில் பிரித்து நீட்டினார்.

"இன்னைக்குப் பாட வேண்டிய பதிகத்தைப் படியும். அப்புறம் பேசுவோம்."

சட்டைநாதர் கை நீளுமட்டும் புத்தகத்தைத் தள்ளிப் பிடித்தார். தலையைப் பின்னால் சாய்த்தார், கண்ணை இடுக்கினார். கணீரென்று பதினொரு பாட்டையும் பாடி முடித்தார். ஓரெழுத்து பிசகவில்லை. முப்பது வருஷப் பழக்கம் லேசா?

"உம்ம கையில இருக்கிறது பஞ்சாங்கம்," என்றார் குரு.

சட்டைநாதரின் முகம் சுண்டிப்போயிற்று.

"எத்தனை வருஷமா இப்படி?"

"வெள்ளெழுத்து சாமி... எட்டு வருஷம் இருக்கும். கண்ணாடி போட்டா, மூத்தவனுக்குக் கண்ணு போச்சுன்னு பேசுவாங்களேன்னு..."

குரு சத்தம் போட்டுப் பேசிச் சட்டைநாதர் கேட்டதே இல்லை. அன்று கேட்டார்.

"உமக்குத் தெரியாட்டி வெள்ளெழுத்து, அவளுக்குத் தெரியாட்டி கொழுப்பா? உமக்கு மனப்பாடம் கைகொடுத்துது. கல்லை மனப்பாடமாப் பொறுக்க முடியுமா ஓய்?"

சட்டைநாதர் தரையைப் பார்த்தபடி நின்றார்.

"நாளைக்குக் காலையில இவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடட்டுமா சாமி?"

"நீரும் கூடப் போம். அங்க சீட்டு எழுதும்போது ரெண்டு பேருக்கும் சேர்த்து எழுதச் சொல்லும்."