குளம் கலங்காமல் ஒரு வளை

மலையடிவாரக் காட்டில் ஒரு மண்சரிவு. அதன் அடியில் ஒரு சின்னக் குளம். ஐப்பசி பிறந்ததும், சரிவின் நடுவில் ஒரு பெருச்சாளி புது வளை தோண்ட ஆரம்பித்தது. அதன் மனைவி நிறைமாதமாக இருந்தாள். பெரிய மழைக்கு முன்னால் வீடு முடிந்தாக வேண்டும்.

முன்னங்காலால் பறிக்கும். பின்னங்காலால் உதைக்கும். பறித்த மண் வாசலுக்கு வெளியே போய் விழும். விழுந்த மண் அப்புறம் எங்கே போகிறது என்று பெருச்சாளிக் குலத்தில் யாரும் பார்ப்பதில்லை. தோண்டுகிறவன் முன்னால் பார்த்தால் போதும் என்பது அவர்கள் வழக்கம்.

குளத்தின் ஓரத்தில், ஆழமில்லாத தண்ணீரில், ஒரு தவளை முட்டையிட்டிருந்தது. கண்ணாடி போன்ற கூழுக்குள் மிளகைத் தூவியதுபோல் கறுப்புக் கறுப்பாக முட்டைகள். இன்னும் கொஞ்ச நாளில் பொரிந்துவிடும்.

ஒரு காலையில் லேசாகத் தூறியது. வாசலில் கிடந்த மண் கரைந்து, செந்தண்ணீராக வழிந்து, குளத்தில் இறங்கியது. கரையோரத்து முட்டைகளின் மேல் சேறு படிந்தது. தவளை பதறிப்போய்க் காலால் விசிறி விசிறிக் கழுவியது. நடுவில் இருந்தவை பிழைத்தன. ஓரத்தில் இருந்தவை சேற்றுக்குள் மூடிப் போயின.

தவளை தாவித் தாவிச் சரிவில் ஏறியது. வாசலை எட்டியதும் உள்ளிருந்து உதைத்த மண் அதன் முகத்திலேயே வந்து விழுந்தது.

"பெருச்சாளி அண்ணே! கொஞ்சம் வெளியே வாங்க!"

"யாரது வேலை நேரத்துல?"

"உங்க மண்ணு என் முட்டை மேல வந்து படியுது! கரையோரம் இருந்ததெல்லாம் மூச்சு முட்டிப் போச்சு!"

பெருச்சாளி மூக்கை மட்டும் வெளியே நீட்டியது.

"நான் மண்ணைத் தள்ளினது என் வாசல்ல. அதைக் குளத்துக்குக் கொண்டுபோனது மழை. மழையைப் போய்க் கேளு!"

"தூறலுக்கே இந்தக் கதி! கிழக்கே பாருங்க, எப்படிக் கறுத்துக்கிட்டு வருதுன்னு. மழை வலுத்தா இந்தக் குவியல் மொத்தமும் குளத்துலதான் கிடக்கும். எனக்கு ஒரு குஞ்சுகூட மிஞ்சாது!"

"எனக்கு மட்டும் குஞ்சு வேண்டாமா? அதுக்குத்தானே இந்த ஓட்டம்!" என்று சொல்லி மூக்கு உள்ளே போய்விட்டது.

வெயில் ஏறியதும் பெருச்சாளிக்குத் தாகம் எடுத்தது. குளத்துக்கு இறங்கி வந்து ஒரு வாய் குடித்தது. குடித்த வேகத்தில் துப்பியது.

"தூ! வாயெல்லாம் மண்ணு! நிறைமாசக்காரி குடிக்கிற தண்ணி இது. எவன்டா கலக்கினது?"

கரையில் வளை வைத்திருந்த நண்டு எட்டிப் பார்த்தது. அதற்கு எப்போதுமே கொஞ்சம் நக்கல் அதிகம்.

"ஆளைக் காட்டட்டுமா? அதோ அந்தச் செவப்புக் கோட்டைப் பிடிச்சுக்கிட்டே மேல போங்க. எந்த வாசல்ல முடியுதோ, அந்த வீட்டுக்காரர்தான்!"

"இதோ போறேன். அவனை உதைக்கிற உதையில..." பெருச்சாளி மூக்கைத் தரையில் வைத்தது. செம்மண் வழிந்த தடத்தை முகர்ந்துகொண்டே ஏறியது. புல்லைத் தாண்டியது. கல்லைச் சுற்றியது. ஒரு வாசலில் வந்து முட்டிக்கொண்டு நிமிர்ந்தது. எதிரே அதன் மனைவி நின்றாள்.

"என்னங்க, இவ்வளவு கோபமா யாரைத் தேடுறீங்க?"

பெருச்சாளி மெல்லத் திரும்பிக் குளத்தைப் பார்த்தது. வாசலிலிருந்து கரை வரைக்கும் நேராக ஒரு சிவப்புக் கோடு.

அது மறுபடி கீழே இறங்கியபோது குரல் தணிந்திருந்தது.

"தங்கச்சி, கோவிச்சுக்காதே. இனி ஒரு சொட்டு இறங்காது. வாசலுக்கு மேலே குறுக்கே பெரிசா ஒரு வரப்புப் போட்டுடறேன்."

"போட்டா?" என்றது தவளை. "மலை மேலேருந்து வர்ற தண்ணி அத்தனையும் அதுக்குப் பின்னால தேங்கும். உடைஞ்சா மண்ணோட உங்க வீடும் சேர்ந்து என் குளத்துக்கு வரும்!"

"அண்ணனுக்குத் தள்ளத்தான் தெரியும்!" என்று நண்டு சிரித்தது.

"நீ பேசாதே! நேரா நடக்கத் தெரியாதவன் எல்லாம் எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டான்!"

நண்டுக்குச் சுருக்கென்றது. கொடுக்கைத் தூக்கிக் காட்டியது. "நேரா நடக்கிற நீங்கதான் குளத்தைக் கலக்கினீங்க!" என்று சொல்லிவிட்டு, சரிவுக்குக் குறுக்கே பக்கவாட்டில் விறுவிறுவென்று நடந்தது.

தவளை அந்த நடையையே பார்த்தது. சட்டென்று துள்ளியது.

"இதுதான்! தண்ணியும் இப்படித்தான் போகணும்! நேரா இறங்குறதாலதான் மண்ணை அள்ளுது. பக்கவாட்டுல, மெல்ல, சரிவைச் சுத்திப் போனா உங்க வாசலையே தொடாது!"

பெருச்சாளிக்கும் புரிந்தது. "நண்டுத் தம்பி, ஏதோ வாய் தவறிச் சொல்லிட்டேன். என் வளைக்கு மேலே ஒரு நடை நடந்து காட்டுப்பா!"

நண்டு கொஞ்ச நேரம் பிகு பண்ணியது. பிறகு நடந்தது. அதன் கால் பட்ட இடத்தில் எல்லாம் பெருச்சாளி வாய்க்கால் வெட்டியது. வாய்க்கால் வளைக்கு மேலே தொடங்கி, சாய்வாகச் சென்று, தூரத்தில் இருந்த கோரைப் புல்லில் முடிந்தது.

"மெதுவா வெட்டுங்க! என் நடை அவ்வளவு கோணல் இல்ல!" என்று நண்டு வழியெல்லாம் அதட்டியது.

"மேலேருந்து வர்றது சுத்திப் போயிடும். நம்ம வாசல்லயே விழுற மழை?" என்று கேட்டாள் பெருச்சாளியின் மனைவி.

அதுவும் நியாயமான கேள்விதான். மண் குவியலைத் தண்ணீர்த் தடத்திலிருந்து எடுத்து, பாறை ஓரத்தில் சமதரையில் சேர்த்தார்கள். மேலே தேக்கிலைகளைப் பரப்பினார்கள். வாசலுக்குக் கீழே ஒரு குழி வெட்டி, அதன் விளிம்பில் சுள்ளியும் காய்ந்த புல்லும் அடைத்தார்கள். வழியும் தண்ணீர் குழியில் கொஞ்சம் நின்று, மண்ணைக் கீழே விட்டுவிட்டுப் போகட்டும் என்று ஏற்பாடு.

பெருச்சாளி அதற்கும் கீழே இருந்த புல்லைப் பறிக்கப் போனது. "வாசல் சுத்தமா இருக்கட்டுமே!"

"ஐயோ, புல்லைத் தொடாதீங்க! மிச்ச மண்ணைப் பிடிக்கிறது அதுதான்!" என்று தவளை கத்தியது.

இலைகளின் மேல் கல் வைப்பதற்குள் மழை கொட்டத் தொடங்கிவிட்டது. காற்று தேக்கிலைகளைத் தூக்கியது. கல் தேட நேரமில்லை. பெருச்சாளியின் மனைவி ஒரே எட்டில் குவியலின் மேல் ஏறி உட்கார்ந்தாள்.

"என் எடைக்கும் ஒரு வேலை கிடைச்சது! நீங்க போய்க் குழியைப் பாருங்க!"

குழி நிரம்பிக்கொண்டிருந்தது. அடைத்த புல்லில் சேறு அப்பி, தண்ணீர் பக்கத்தில் பிய்த்துக்கொண்டு ஓடப் பார்த்தது. பெருச்சாளி குழிக்குள் குதித்துச் சேற்றை வாரி மேட்டில் எறிந்தது. நண்டு அடைப்பிலிருந்து கொஞ்சம் புல்லைக் கொடுக்கால் இழுத்து வழி விட்டது.

"இன்னும் கொஞ்சம் இழுடா தம்பி!"

"அதிகமா இழுத்தா எல்லாம் போயிடும்! நீங்க வாருங்க!"

தவளை குளத்தில் முட்டைகளின் அருகே கிடந்தது. அதன் கண்கள் சரிவிலேயே இருந்தன. இதோ வரும், இதோ செந்தண்ணீர் வரும் என்று ஒவ்வொரு நொடியும் எதிர்பார்த்தது.

தண்ணீர் வந்தது. புல்லுக்குள்ளிருந்து நூல் நூலாக இறங்கியது. தவளை கிட்டப்போய்ப் பார்த்தது. அடியில் கிடந்த கூழாங்கல் தெரிந்தது.

"தெளிஞ்ச தண்ணி! அண்ணே, தெளிஞ்ச தண்ணி!"

சத்தம் சரிவெல்லாம் கேட்டது. பெருச்சாளி குழிக்குள்ளேயே கால் நீட்டிப் படுத்துவிட்டது. "அப்பாடா! இனி நிம்மதியா மூச்சு விடலாம்" என்றது.

மழை விட்டு, மறுநாள் வெயில் வந்தபோது, கண்ணாடிக் கூழுக்குள் இருந்த கறுப்பு மணிகளில் ஒன்று நெளிந்தது. அதைப் பார்த்து இன்னொன்று நெளிந்தது. தவளை அசையாமல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தது.

வீடு கட்டுகிறவர் சுவரையும் கூரையையும் பற்றி மட்டும் யோசித்தால் போதாது. தன் மனையில் விழும் மழை அடுத்தவருக்குக் கேடு செய்யாமல் போக ஒரு வழியையும் முதலிலேயே வகுத்துவிட வேண்டும்.