மரத்தடிப் பள்ளியும் முள் வணக்கமும்

கூராயி என்ற முள்ளம்பன்றி, தன் இரண்டு குட்டிகளோடு குளத்தங்கரைக் காட்டுக்குள் வந்து சேர்ந்தாள். அவளை முதலில் பார்த்தது ஒரு நாமக்கோழி. உடம்பெல்லாம் கறுப்பு, நெற்றியில் மட்டும் வெள்ளை நாமம், ஓயாத வாய். அது கரையில் நின்று சிறகு கோதிக்கொண்டிருந்தது.

மூன்று நாள் நடைக்குப் பிறகு முதன்முதலாக ஒரு முகம்! கூராயிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முதுகு முள்ளையெல்லாம் விறைப்பாக நிமிர்த்தி, சலசலவென்று ஆட்டினாள்.

"அய்யய்யோ! குத்த வர்றா! குத்த வர்றா!" என்று கத்திக்கொண்டே நாமக்கோழி துண்டைக் காணோம் துணியைக் காணோம் என்று தண்ணீருக்குள் பாய்ந்தது.

கூராயிக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் பிறந்தது ஒரு பொட்டல் மலையில். அங்கே முள்ளம்பன்றிகள் ஒன்றையொன்று பார்த்தால் முள்ளை நிமிர்த்திச் சலசலக்கும். 'நீ நல்லா இருக்கணும்' என்று அதற்கு அர்த்தம். முள்ளைப் படுக்கப் போட்டுக்கொண்டு ஒருவர் முன்னால் போய் நிற்பது பகையாளி செய்கிற காரியம். கல் எடுப்பதற்காக மனிதர்கள் அந்த மலைக்கு வெடி வைத்தார்கள். சொந்தபந்தமெல்லாம் திக்குக்கு ஒன்றாகச் சிதறிப்போனது. கூராயி பச்சை தெரிந்த பக்கமாகக் குட்டிகளை நடத்திக்கொண்டு வந்தாள்.

குளத்தை ஒட்டிய பள்ளத்தில் ஒரு மரக்கட்டை கிடந்தது. அதன் அருகில் மண் மெத்தென்று இருந்தது. பாறையைக் கீறிக் கீறி நகம் தேய்ந்தவளுக்கு அதைவிட என்ன வேண்டும்? ஒரே நாளில் வளை தோண்டிக் குடியேறிவிட்டாள். அந்தப் பள்ளத்தில் மற்ற யாரும் ஏன் வளை தோண்டவில்லை என்று அவளுக்குத் தோன்றவில்லை. சொல்லவும் ஆள் இல்லை.

அந்தக் காட்டில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. பிழைக்க வந்த குடும்பங்களுக்கு ஊர் நடைமுறை சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கூடம். நீர்மருது மரத்தடியில் தினமும் சாயங்காலம் நடக்கும். வறண்ட ஏரியிலிருந்து வந்த ஆமைகள், வெளியூர் அணில்கள், ஒரு கீரிக் குடும்பம் என்று நல்ல கூட்டம். நீர்நாய்தான் வாத்தியார்.

"என் பள்ளிக்குக் கதவே கிடையாது! யார் வேணும்னாலும் வரலாம்!" என்று அவர் நாளுக்கு நாலு தடவை சொல்லுவார். நல்ல மனசுக்காரர்தான். தன் குரலைத் தானே ரசிப்பார், அவ்வளவுதான்.

மரத்தடிச் சிரிப்பு கூராயியின் வளை வரைக்கும் கேட்டது. ஒருநாள் அவள் துணிந்துவிட்டாள். குட்டிகளை நக்கிச் சுத்தம் செய்தாள். மணலில் புரண்டு தன் முள்ளைப் பளபளப்பாக்கினாள். மரத்தடிக்குப் போனாள். வாத்தியார் பெரியவர் அல்லவா? மரியாதை ஒரு பங்கு கூடுதலாக இருக்கட்டும் என்று இரட்டைச் சலசலப்பாக வைத்தாள்.

கண்மூடித் திறப்பதற்குள் வகுப்பு காலி! அணில்கள் மர உச்சியில். ஆமைகள் ஓட்டுக்குள். வாத்தியார் நடுக்குளத்தில், மூக்கு மட்டும் வெளியே!

"பாடம் நடக்கிற இடத்துல வந்து ரகளையா பண்றே? போ வெளியே!" என்று அந்த மூக்கு அதட்டியது.

கதவே இல்லாத பள்ளிக்கூடத்திலிருந்து கூராயி வெளியே போனாள். அன்றிலிருந்து காடு முழுவதும் அவளுக்குச் சண்டைக்காரி என்று பெயராகிவிட்டது. அவள் சொந்தப் பெயரை யாரும் கேட்கவில்லை.

"அம்மா, முள்ளைத் தூக்காமப் போயேன்" என்றது சின்னக்குட்டி.

"முள்ளைப் படுக்கப் போட்டா, நான் உங்க எதிரின்னு சொன்ன மாதிரி ஆயிடும்டா! என்ன பாவம் பண்ணினாங்க, அப்படிச் சொல்றதுக்கு?"

குட்டிகள் வணக்கத்தை மறந்துவிடக் கூடாதே என்று கூராயிக்குக் கவலை. அதனால் தினமும் சாயங்காலம் வளைக்கு வெளியே கிடந்த கட்டைக்கு மூன்று பேரும் வணக்கம் வைத்தார்கள். அந்தக் காட்டில் அவர்கள் வணக்கத்தை ஓடாமல் வாங்கிக்கொண்டது அது ஒன்றுதான். ஆனால் கட்டை பதில் சொல்லுமா? மரத்தடியில் பிள்ளைகள் பாடத்தைத் திருப்பிச் சொல்லும் சத்தம் காற்றில் வரும். கூராயி கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். சில நாள் வாய்விட்டு அழுவாள். இப்படி ஆனி, ஆடி, ஆவணி என்று மாதங்கள் போயின.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஆறாம் நாள் விடியும் நேரம் ஆள்காட்டிக் குருவி மூன்று முறை கத்தியது. கரை உடையப் போகிறது, எல்லோரும் மேட்டுக்கு ஓடுங்கள் என்று அதற்கு அர்த்தம். மரத்தடிப் பள்ளியின் முதல் பாடமே அதுதான். ஆமைகூட அதை மனப்பாடமாகச் சொல்லும்!

கூராயிக்குத் தெரிந்தது பொட்டல் மலைப் பாடம்தான். எந்தப் பறவை அலறினாலும் வளைக்குள் போ, வாசலை மண்ணால் அடை, மூச்சுக் காட்டாதே. அவள் அப்படியே செய்தாள்.

"இனிமே பயமில்லை" என்றாள் குட்டிகளிடம்.

கொஞ்ச நேரத்தில், "அம்மா, கால் நனையுது!" என்றது பெரியகுட்டி.

தரையே ஊறிக்கொண்டு வந்தது. கீழேயிருந்து தண்ணீர் வரும் என்று கூராயி கேள்விப்பட்டதே இல்லை. வெளியே என்ன ஆபத்தோ, உள்ளேயோ தண்ணீர் ஏறுகிறது! குட்டிகளைச் சுவரோரமாக உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாம் செத்தால்கூட ஒருவருக்கும் தெரியாதே என்று நினைத்தாள்.

அப்போது வாசல் மண்ணை யாரோ கொத்தும் சத்தம் கேட்டது.

"ஏய், உள்ளே இருக்கியா? உன் பேரு தெரியலையே, எப்படிக் கூப்பிடுவேன்! வெளியே வா! கரை உடைஞ்சிடுச்சு!"

அது நாமக்கோழியின் குரல். கூராயி மண்ணைப் பிளந்துகொண்டு வெளியே வந்தாள். தன்னைத் தேடி வந்த முகத்தைப் பார்த்ததுமே, அவள் நினைக்காமலேயே, முள்ளெல்லாம் நிமிர்ந்து சலசலத்தது.

நாமக்கோழி நாலடி பின்னால் பாய்ந்தது. ஆனால் இந்தத் தடவை ஓடவில்லை.

"மேட்டுல எல்லாரும் இருக்காங்க, உன்னை மட்டும் காணோம். அவ நம்ம பள்ளியில இல்லையேன்னு வாத்தியார் சொல்லிட்டாரு. எனக்கு மனசு கேக்கலைன்னு வந்தேன். என்னையே குத்த வர்றியேடி!"

"குத்த வரலக்கா! வணக்கம் சொன்னேன்!"

"வணக்கமா?"

"எங்க மலையில இதுதான் வணக்கம்! உன்னைப் பாத்த முதல் நாளே சொன்னேனே!"

நாமக்கோழி வாயைத் திறந்தது. பேச்சு வரவில்லை. அதன் ஆயுளில் அப்படி நடந்தது அதுவே முதல் தடவை.

"நட முதல்ல" என்றது கடைசியில். பிறகு மேட்டுப் பக்கம் திரும்பி, "வாத்தியாரே! குட்டிங்க இருக்கு, ஓடி வாங்க!" என்று கத்தியது.

வாத்தியார் நீந்தி வந்து குட்டிகளை முதுகில் ஏற்றிக்கொண்டார். நாமக்கோழி ஆழம் குறைந்த வழி காட்ட, கூராயி கழுத்தளவுத் தண்ணீரில் தத்தளித்து மேடு சேர்ந்தாள்.

அங்கே அத்தனை கண்களும் அவள் மேல் இருந்தன. இவர்களை மறுபடி ஓட வைத்துவிடக் கூடாதே! கூராயி வாழ்க்கையில் முதல் தடவையாகப் பிறர் முன்னால் முள்ளைப் படுக்கப் போட்டாள். பகையாளி போல நின்று, தலையைக் குனிந்து அழுதாள்.

நாமக்கோழி நடந்ததை எல்லோருக்கும் சொன்னது.

"உன் பேரு என்னம்மா?" என்று கேட்டார் வாத்தியார்.

"கூராயி."

"இங்க வந்து எத்தனை நாளாச்சு?"

"ஆனியில வந்தேங்க."

வாத்தியார் மனதுக்குள் மாதங்களை எண்ணிப் பார்த்தார். "தினம் தினம் பாடம் நடத்தினேன். உன் பேரைக் கேக்க எனக்கு ஒருநாள்கூடத் தோணலையே!" என்றார். அந்தக் குரலை அவரால் ரசிக்க முடியவில்லை.

நாமக்கோழி கூராயியின் முன்னால் வந்து நின்றது. நனைந்த இறகையெல்லாம் சிலிர்த்து ஆட்டியது. சலசலப்பு வரவில்லை, பக்கத்தில் இருந்தவர்கள் மேல் தண்ணீர்தான் தெறித்தது. அணில்கள் வாலைப் புசுபுசுவென்று தூக்கின. வாத்தியார் மீசையை விறைத்தார். ஆமைகளிடம் தூக்குவதற்கு ஒன்றும் இல்லை, கழுத்தை நீட்டின.

சின்னக்குட்டி கண்ணை அகல விரித்தது. "அம்மா! கட்டை மாதிரி இல்லம்மா! இவங்க திருப்பிச் சொல்றாங்க!"

கூராயி மெல்ல முள்ளை நிமிர்த்தினாள். கீரி மட்டும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டது. வேறு யாரும் நகரவில்லை.

புதிதாக வந்தவருக்குப் பாடம் சொல்லித்தர விரும்புகிறவர், முதலில் அவருடைய பெயரையும் வணக்கத்தையும் கற்றுக்கொள்ள வேண்டும்.