உப்பில்லாத குழம்பும் ஒரு சுவைஞரும்

ஒரு ஜமீனில் பூவராகம் என்று ஒருவர் இருந்தார். சுவைஞர் என்பது ஜமீன்தார் கொடுத்த பட்டம். அவர் சரியென்றால்தான் எதுவும் இலைக்குப் போகும். சமையல்காரி செங்காயியின் குழம்பை மட்டும், அவள் கந்தல் சேலையைப் பார்த்துவிட்டு, மூன்று நாளாக "உப்புக் கரிக்கிறது" என்று கொட்டச் சொன்னார். நான்காம் நாள், "இவளை விரட்டுங்கள்" என்றும் சொல்லிவிட்டார். ஜமீன்தாரும் தலையாட்டினார்.

செங்காயி கோபத்தோடு அன்றைய குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஜமீன்தார் முன்னாலேயே பூவராகத்தைக் கேட்டாள்.

"சாமி, சுவைஞர்ங்கிற சொல்லு எங்கேருந்து வந்துச்சு?"

"சுவையிலிருந்து வந்தது! சுவைத்து அறிகிறவன் சுவைஞன்" என்று பூவராகம் மீசையை முறுக்கினார்.

"இதைச் சுவைச்சீங்களா?"

"பின்னே? வாயில் வைக்க முடியாத உப்பு!"

"எசமான், இன்னிக்கு நான் உப்பே போடலை. இவரு ஒரு நாளும் வாயில வச்சதில்லைங்க."

ஜமீன்தார் தொட்டு நக்கினார். சப்பென்றிருந்தது. "பட்டத்தை வைத்துவிட்டுப் போம் ஐயா!" என்று கத்தினார்.

செங்காயிக்குக் கோபம் அடங்கவில்லை. "நீங்களும்தான் ருசி பாக்காமலே தலையாட்டினீங்க, எசமான்!"

ஜமீன்தார் எழுந்துபோய், உப்புச் சாடியைத் தானே எடுத்து வந்தார்.